ஓயாத கட்டளைகள்: இதய நோயில் சமிக்ஞைப் புரதங்களின் பங்கு

இதயத் துடிப்பின் வேகத்தையும் விசையையும் குறைக்கும் பீட்டா தடுப்பான் மருந்துகளை, ஏற்கெனவே பலவீனமடைந்த இதயம் கொண்ட நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது என்பது 1970களில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அதே நோயாளிக்கு, தக்க காரணமின்றி அந்த மருந்தைக் கொடுக்காமல் விடுவதுதான் தவறு என்பது இன்றைய பாடம். ஒரே மருந்தைப் பற்றிய தீர்ப்பு கால் நூற்றாண்டுக்குள் இப்படித் தலைகீழானதற்குப் பின்னால், இதயத்தின் உயிரணுக்களுக்கு வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்கி உள்ளே கடத்தும் சமிக்ஞைப் புரதங்களைப் பற்றிய நெடிய ஆராய்ச்சி இருக்கிறது.

இதய, இரத்தக்குழாய் நோய்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்த நோய்களைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் கொழுப்பு, அடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஆனால் அடைப்பு ஏன் உருவாகிறது, மாரடைப்பில் தப்பிய இதயம் சில ஆண்டுகளில் ஏன் ஊதிப் பெருத்துத் தளர்கிறது, இரத்த அழுத்தம் ஏன் ஏறிய இடத்திலேயே நிலைத்துவிடுகிறது என்ற கேள்விகளுக்கான விடை உயிரணுக்களின் மட்டத்தில் கிடக்கிறது. அந்த விடையைச் சுருக்கிச் சொன்னால், சில நிமிடங்களுக்கோ சில நாட்களுக்கோ மட்டும் உடல் பிறப்பிக்க வேண்டிய அவசரக் கட்டளைகள் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் ஒலிப்பதே இந்த நோய்களில் பலவற்றுக்கும் பொதுவான கூறாக இருக்கிறது.

ஏற்பியிலிருந்து தசை வரை

அச்சமோ கடும் உழைப்போ நேரும்போது அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும், இதயத்தில் வந்து முடியும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலினையும் வெளியிடுகின்றன. இந்த இரண்டும் இதயத் தசை உயிரணுவுக்குள் நுழைவதில்லை. உயிரணுவின் மேலுறையில் பதிந்து, ஒரு பகுதி வெளியேயும் மறுபகுதி உள்ளேயும் நீண்டிருக்கும் ஏற்பி என்னும் புரதத்தில் வந்து பொருந்துவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. இத்தகைய ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைப்படும் என்று அமெரிக்க மருந்தியல் அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் எழுதியபோது, ஏற்பி என்ற பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஐயுற்றவர்களே அதிகம். அந்தக் கருத்தை நம்பி, பீட்டா ஏற்பியில் அமர்ந்து அட்ரினலினுக்கு இடம் கொடுக்காத ப்ரோப்ரனலால் என்ற மருந்தை 1960களில் உருவாக்கிய ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏற்பியில் செய்தி வந்து சேர்ந்ததும் அதன் உருவம் சற்றே திரும்புகிறது. அந்தத் திருப்பம், உறையின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜி புரதத்தைத் தூண்டுகிறது. ஜி புரதம் ஒரு நொதியை முடுக்க, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறிய மூலக்கூறைப் பெருமளவில் தயாரிக்கிறது. அது கைனேஸ் வகையைச் சேர்ந்த மற்றொரு நொதியை விழிக்கச் செய்கிறது. ஒரு புரதத்தின் மீது பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டி, அதன் செயலை மாற்றுவதே கைனேஸின் வேலை. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது என்பதே இதன் முக்கியத்துவத்தைக் காட்டும்: சைக்ளிக் ஏஎம்பிக்காக ஏர்ல் சதர்லாந்து 1971இலும், பாஸ்பேட் ஏற்றி இறக்கும் முறைக்காக எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992இலும், ஜி புரதத்துக்காக ஆல்ஃபிரட் கில்மனும் மார்ட்டின் ராட்பெல்லும் 1994இலும், ஏற்பிக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012இலும் அப்பரிசைப் பெற்றார்கள்.

இதயத் தசையில் இந்தச் சங்கிலி எங்கே போய் முடிகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும்; சுருங்கிய தசை தளர்வதற்கு அந்தக் கால்சியம் உயிரணுவுக்குள் உள்ள சேமிப்பறைக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். சேமிப்பறைக்குள் கால்சியத்தை இறைக்கும் புரதத்தின் மீது, வெறும் 52 அமினோ அமிலங்களால் ஆன ஃபாஸ்போலாம்பன் என்ற சிறு புரதம் தடையாக அமர்ந்திருக்கிறது. அட்ரினலின் செய்தி வந்ததும் கைனேஸ் இந்தச் சிறு புரதத்தின் மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே தடை விலகி, கால்சியம் விரைந்து உள்ளே இறைக்கப்படுகிறது. தசை வேகமாகத் தளர்கிறது. சேமிப்பறை நிறைந்திருப்பதால் அடுத்த சுருக்கம் வலுவாகவும் அமைகிறது. மாடிப்படி ஏறும்போது இதயம் தன் விசையைக் கூட்டிக்கொள்வது இப்படித்தான்.

படி ஏறி முடித்தபின் இதயம் அமைதியடைவதற்கும் தனி ஏற்பாடு உண்டு. ஜி புரதம் சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்க ஒரு நொதியும், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற ஒரு நொதியும் இருக்கின்றன. ஏற்பி நெடுநேரம் தூண்டப்பட்டால், ஜிஆர்கே என்ற கைனேஸ் அந்த ஏற்பியிலேயே பாஸ்பேட்டை ஒட்டிக் குறியிட, அரெஸ்டின் என்ற புரதம் அங்கே வந்து பொருந்தி, ஜி புரதத்தை நெருங்கவிடாமல் செய்கிறது. செய்தியைத் தொடங்கிவைக்க ஒரு வழி இருக்கும்போது அதை நிறுத்துவதற்கு நான்கு வழிகள் அமைந்திருப்பது, நிறுத்துவதை உடல் எவ்வளவு முதன்மையாகக் கருதுகிறது என்பதற்குச் சான்றாகும்.

செவிடாகும் இதயம்

மாரடைப்பாலோ நீண்டகால இரத்தக் கொதிப்பாலோ தசை நலிந்து, உடலுக்குத் தேவையான இரத்தத்தை இதயத்தால் செலுத்த முடியாமல் போகும் நிலை இதயச் செயலிழப்பு எனப்படுகிறது. இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அது துடித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் துடிப்பு போதவில்லை. இரத்த ஓட்டம் குறைவதை உணரும் உடல், காயத்தால் இரத்தம் வெளியேறுகிறது என்பதுபோல் எடுத்துக்கொண்டு நார்அட்ரினலினைப் பொழிகிறது. உண்மையான காயமென்றால் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். செயலிழப்பிலோ காரணம் நீங்குவதில்லை. ஆகவே நார்அட்ரினலின் மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கிறது. இரத்தத்தில் அதன் அளவு உயர உயர நோயாளியின் ஆயுள் குறைகிறது என்பதை 1984இல் ஜே கோன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு வெளியிட்டது.

ஓயாத தூண்டுதலுக்கு இதயத்தின் உயிரணுக்கள் காட்டும் எதிர்வினையை, மாற்று இதய அறுவை சிகிச்சையின்போது அகற்றப்பட்ட நோயுற்ற இதயங்களிலிருந்து மைக்கேல் பிரிஸ்டோவின் குழு 1982இல் கண்டறிந்தது. அந்த இதயங்களில் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கை இயல்பான அளவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எஞ்சிய ஏற்பிகளையும் செயலற்றவையாக்கும் ஜிஆர்கே புரதம் செயலிழந்த இதயங்களில் மிகுந்திருப்பது பின்னர் தெரியவந்தது. கட்டளை கூடிக்கொண்டே போக, இதயம் தன் செவியை அடைத்துக்கொள்கிறது. அதன் விளைவாக, உண்மையிலேயே வேகம் வேண்டிய நேரத்திலும் அதனால் வேகமெடுக்க முடியாமல், நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

தூண்டியவையும் தடுத்தவையும்

இதயம் வலுவாகச் சுருங்கவில்லை என்றால், அதைச் சுருங்கத் தூண்டும் மருந்தே தீர்வு என்று எண்ணுவது இயல்பு. சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அதன் அளவை உயர்த்தும் மில்ரினோன் என்ற மருந்து அந்த எண்ணத்தின் வழி வந்தது. அதை உட்கொண்டவர்களின் இதயம் தொடக்கத்தில் மேலும் நன்றாக இயங்கியது. ஆனால் கடுமையான செயலிழப்புற்ற 1,088 பேரிடம் மாத்திரை வடிவில் நீண்டகாலம் கொடுத்துச் சோதித்த ஆய்வின் முடிவு 1991இல் வெளியானபோது, போலி மாத்திரை உண்டவர்களைவிட மில்ரினோன் உண்டவர்களிடையே இறப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. களைத்துப்போன மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் வண்டி மேடேறும், மாடு பிழைக்காது என்பதை அந்த ஆய்வு எண்களில் எழுதிக் காட்டியது.

எதிர்த் திசையில் சிந்தித்தவர்கள் ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் இருந்தார்கள். ஃபின் வாக்ஸ்டைனும் அவருடன் பணிபுரிந்தவர்களும், இதயம் வீங்கிச் செயலிழந்த ஏழே நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பானைச் சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்து, மாதங்கள் செல்லச் செல்ல அவர்கள் நிலை தேறியதை 1975இல் வெளியிட்டனர். ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாத, ஏழு பேர் மட்டுமே கொண்ட ஆய்வை உலகம் நம்பத் தயங்கியதில் வியப்பில்லை. பாடநூல்கள் இன்னும் பல ஆண்டுகள் மாறாமலே இருந்தன. இறுதியில் 1999இல், 2,647 பேரிடம் பிசோப்ரோலாலையும், 3,991 பேரிடம் மெட்டோப்ரோலாலையும் சோதித்த இரு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன; இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது.

தடுப்பான் செய்வது இன்னதென்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். அது ஓயாத நார்அட்ரினலின் கட்டளையை ஏற்பியிலேயே தடுக்கிறது; கால்சியம் மிகுதியால் உயிரணுக்கள் மடிவதும், துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேர்வதும் குறைகின்றன; மாதங்கள் கடந்தபின், ஊதிய இதய அறை பலரிடமும் ஓரளவு சுருங்கி, சுருங்கும் திறன் கூடுகிறது. முதல் சில வாரங்களில் நோயாளிக்குச் சோர்வு கூடலாம் என்பதாலேயே மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்துகிறார்கள். அந்தச் சோர்வைக் கண்டே பழைய பாடநூல்கள் மருந்தை விலக்கிவைத்திருந்தன.

சிறுநீரகம் இடும் ஆணை

நார்அட்ரினலினுக்கு இணையாக ஓயாமல் ஒலிக்கும் மற்றொரு கட்டளை சிறுநீரகத்தில் பிறக்கிறது. 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும், முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலின் இரத்தக்குழாயில் செலுத்தியபோது இரத்த அழுத்தம் உயர்ந்ததைக் கண்டு, அதற்குக் காரணமான பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். ரெனின் ஒரு நொதி. கல்லீரல் உற்பத்தி செய்யும் ஒரு பெரிய புரதத்தை அது வெட்ட, வெட்டிய துண்டை ஏசிஇ என்ற மற்றொரு நொதி மேலும் நறுக்க, எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது.

இந்தச் சிறு துண்டு தன் ஏற்பியில் பொருந்தியதும் இரத்தக்குழாய் இறுகுகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் வெளிப்பட்டு, உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. நீரிழப்பு நேரும்போது உயிர்காக்கும் இந்த ஏற்பாடு, நீடித்து நின்றால் வேறு வேலைகளையும் தொடங்கிவிடுகிறது. இதயத் தசை உயிரணுக்கள் தடிக்கின்றன. நார்த்திசு உயிரணுக்கள் கொலாஜன் இழைகளை அளவுக்கு மீறி நெய்கின்றன. இரத்தக்குழாய்ச் சுவரின் தசை பெருக்கிறது. அழுத்தத்தை உயர்த்தும் செய்தி இவ்வாறு உறுப்பின் வடிவத்தையே மாற்றும் செய்தியாகிறது. இதயத்தின் இந்த உருமாற்றம் ஏற்பட்டபின் அழுத்தத்தை மட்டும் குறைப்பது போதாமல் போவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கட்டளையைத் தடுக்கும் முதல் மாத்திரைக்கான வழியைக் காட்டியது பிரேசில் நாட்டுப் பாம்பொன்றின் நஞ்சு. ஜராரகா என்ற அந்த விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரியும். அதன் நஞ்சில் உள்ள சிறு புரதத் துண்டுகளை 1960களில் ஆராய்ந்தவர் பிரேசில் அறிஞர் செர்ஜியோ ஃபெரெய்ரா. அத்துண்டுகள் ஏசிஇ நொதியைத் தடுப்பது தெரிந்தபின், அவற்றைப் பார்த்து அமெரிக்காவின் ஸ்க்விப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒண்டெட்டியும் வடிவமைத்த கேப்டோபிரில் 1981இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. அதன் இனத்தைச் சேர்ந்த எனலாப்ரிலை, மிகக் கடுமையான செயலிழப்புற்ற 253 பேரிடம் நார்டிக் நாடுகளில் சோதித்த ஆய்வு 1987இல் வெளியானது. ஆறு மாதத்தில் போலி மாத்திரை உண்டோரில் 44 சதவீதம் பேர் இறந்திருக்க, மருந்து உண்டோரில் அது 26 சதவீதமாக இருந்தது. இதயச் செயலிழப்பில் கட்டளையைத் தடுப்பது உயிர் காக்கும் என்பதற்குக் கிடைத்த வலுவான சான்றுகளில் அது முதன்மையானது.

எல்லாக் கட்டளைகளும் இதயத்தை நோக்கி வருபவை அல்ல. இதயமும் தன் பங்குக்குச் செய்தி அனுப்புகிறது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைத் திசுவை அரைத்தெடுத்த சாற்றைப் பிற எலிகளுக்குச் செலுத்தியபோது, அவை மிகுதியான உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றியதை 1981இல் அறிவித்தார். இதயச் சுவர் இழுபட்டு விரியும்போது சுரக்கும் இந்த இயக்குநீர், உப்பை வெளியேற்றியும் குழாய்களைத் தளர்த்தியும் ஆஞ்சியோடென்சினுக்கு எதிராக நிற்கிறது. இதன் உறவான பிஎன்பியின் அளவைத்தான், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவரின் இரத்தத்தில் இன்று சோதிக்கிறார்கள். இந்த நல்ல செய்தியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் சாக்குபிட்ரிலையும், ஆஞ்சியோடென்சின் ஏற்பியை அடைக்கும் வால்சார்டானையும் இணைத்த மருந்தை 8,442 பேரிடம் எனலாப்ரிலோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. இதயநோய் மரணமோ செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஒரே தடிப்பு, இரு வழிகள்

சமிக்ஞையின் வகை எவ்வளவு முக்கியம் என்பதை விளையாட்டு வீரரின் இதயத்தையும் இரத்தக் கொதிப்பு நோயாளியின் இதயத்தையும் அருகருகே வைத்தால் காணலாம். இரண்டிலும் இதயச் சுவர் தடித்திருக்கும். வீரரின் இதயத்தில் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி, பிஐ3 கைனேஸ் என்ற புரதத்தின் வழியே இயங்கி, தசையோடு சேர்த்து நுண்குழாய்களையும் வளர்க்கிறது. பயிற்சியை விட்டால் தடிப்பு குறைந்துவிடும். நோயாளியின் இதயத்திலோ, உயிரணுவுக்குள் உயர்ந்தே நிற்கும் கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியைத் தூண்ட, அது பாஸ்பேட் நீக்கிய ஒரு புரதம் உட்கருவுக்குள் புகுந்து, கருவில் இருந்தபோது இயங்கிப் பிறந்தபின் அடங்கிய மரபணுக்களை மீண்டும் எழுப்புகிறது. கால்சிநியூரின் எப்போதும் விழித்திருக்குமாறு மாற்றப்பட்ட எலிகளின் இதயம் பெரிதும் தடித்துச் செயலிழந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். எக்கோ பரிசோதனையில் இரண்டும் தடித்த சுவராகத் தெரிந்தாலும், உள்ளே ஒலிக்கும் கட்டளைகள் முற்றிலும் வேறு.

குழாயின் உட்படலம் பேசும் வாயு

இரத்தக்குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. இது வெறும் மேல்பூச்சு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் பணிபுரிந்த ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய துண்டுகளின் மீது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் செலுத்தி ஆராய்ந்து வந்தார். உயிருள்ள உடலில் குழாயைத் தளர்த்தும் அந்தப் பொருள், அவருடைய கண்ணாடிக் கலத்தில் மட்டும் துண்டை இறுக்கியது. துண்டை வெட்டித் தயாரிக்கும்போது அதன் உட்புறம் ஏதேனும் ஒரு பரப்பில் உரசிவிடுகிறது என்பதும், உரசலில் படலம் உதிர்ந்துவிடுகிறது என்பதும் அவருக்குப் பிறகுதான் புலப்பட்டது. படலம் சிதையாமல் காத்த துண்டுகள் அசிட்டைல்கோலினுக்குத் தளர்ந்தன. அவற்றையே விரலால் மெல்லத் தேய்த்தபின் தளரவில்லை. தசையைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருளை உட்படலம் வெளியிடுகிறது என்று 1980இல் அவர் எழுதினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று அவரும் லூயிஸ் இக்னாரோவும் 1986இல் முன்மொழிந்தனர். சால்வடோர் மொன்காடாவின் குழு 1987இல் அதற்குச் சோதனைச் சான்று அளித்தது.

உட்படலத்தில் உள்ள ஒரு நொதி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவைத் தயாரிக்கிறது. சில நொடிகளே நிலைக்கும் அது அருகிலுள்ள தசை உயிரணுவுக்குள் ஊடுருவி, சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறைப் பெருக்க, குழாய் தளர்கிறது. இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பதும், வெள்ளையணுக்கள் சுவரில் தொற்றாமல் தடுப்பதும் இதே செய்தியின் பணிகள். புகைப்பழக்கம், நீரிழிவு, உயர்ந்த கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் இந்த வாயுவின் இருப்பைக் குறைக்கின்றன. வெவ்வேறான இந்த நான்கு காரணங்களும் ஒரே வகையான தமனி நோயில் சென்று முடிவதற்கான விளக்கங்களில் இது முக்கியமானது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, உடல் தயாரிக்கத் தவறிய அதே வாயுவைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறது. அந்த வகை மருந்து நெஞ்சுவலிக்கு உதவும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அது அந்த வாயுவை வெளியிட்டே வேலை செய்வதை 1977இல் காட்டிய ஃபெரித் முராத், ஃபர்ச்காட், இக்னாரோ ஆகிய மூவரும் 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அழற்சியும் செங்காந்தளும்

தமனியில் படியும் கொழுப்பை அகற்ற வரும் வெள்ளையணுக்கள், அதை விழுங்கிச் செரிக்க முடியாமல் அங்கேயே தங்கி, மேலும் வெள்ளையணுக்களை அழைக்கும் செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. புண் ஆறுவதற்குச் சில நாட்கள் நீடிக்க வேண்டிய அழற்சி, தமனிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் கனன்று, படிவின் மேல்மூடியை அரித்து, ஒரு நாள் அதை வெடிக்கச் செய்து மாரடைப்பாகிறது. கொழுப்பைத் தொடாமல் இந்த அழற்சிச் செய்தியை மட்டும் தடுத்தால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்கு 2017இல் விடை கிடைத்தது. இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்ற செய்திப் புரதத்தைப் பிடித்து முடக்கும் கனகினுமாப் ஊசியை, முன்பே மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் சோதித்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மறு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை 15 சதவீதம் குறைந்தன. இரத்தக் கொழுப்பின் அளவோ மாறவே இல்லை. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றே கூடின. மொத்த இறப்பு குறையவில்லை. விலையும் மிக அதிகம் என்பதால் அந்த ஊசி இதய மருந்தாக நடைமுறைக்கு வரவில்லை.

அதே பாதையை மிக மலிவாகத் தொடக்கூடிய பழைய மருந்து கால்சிசின். கீல்வாத வலிக்கு நெடுங்காலமாகப் பயன்படும் அது, வெள்ளையணுக்களின் உட்கட்டுமானத்தைக் குலைத்து அவற்றின் நடமாட்டத்தையும், இன்டர்லியூக்கின்-1 பீட்டாவை உருவாக்கும் புரதத் தொகுதி ஒன்றுசேர்வதையும் தடுக்கிறது. அந்த மருந்துக்கான மூலப்பொருள்களில் ஒன்று, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதை. கண்வலிக் கிழங்கு என்று உழவர்கள் அழைக்கும் இக்கொடியைத் திருப்பூர் மாவட்டத்து மூலனூர், திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள்.

மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் இருந்த 4,745 பேருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கால்சிசின் கொடுத்த கனடா நாட்டு ஆய்வில் இதயப் பாதிப்புகள் 23 சதவீதம் குறைந்ததாக 2019இல் முடிவு வந்தது. நிலையான தமனி நோயுள்ள 5,522 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வும் 2020இல் அதை வலுப்படுத்த, 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. ஆனால் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 7,062 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. யாருக்கு, நோயின் எந்தக் கட்டத்தில் அழற்சிச் செய்தியைத் தடுக்க வேண்டும் என்பது இன்னும் தீராத கேள்வி. செங்காந்தளின் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. மருந்தின் அளவுக்கும் உயிர்பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதால், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடக்கூடிய பொருள் இதுவல்ல.

அணைக்கக் கூடாத செய்திகள்

இதுவரை சொன்னவற்றிலிருந்து சமிக்ஞைகள் அனைத்தையும் அடக்குவதே நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. மார்பகப் புற்றுநோயில் மிகுந்து காணப்படும் ஹெர்-2 என்ற ஏற்பியை முடக்கும் ட்ராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது புற்றுநோய்ச் சிகிச்சையில் புதிய வாசல் திறந்தது. 2001இல் வெளியான அதன் முதன்மை ஆய்வில், ஆந்த்ராசைக்ளின் வகை மருந்தோடு சேர்த்து அதைப் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு இதயச் செயல்பாடு குறைந்தது. ஆந்த்ராசைக்ளின் சிகிச்சையை மட்டும் பெற்றவர்களிடம் அது 8 சதவீதமே. உட்படலம் அனுப்பும் நியூரெகுலின் என்ற செய்தியை இதயத் தசை வாங்கிக்கொள்வதற்கும் அதே ஹெர்-2 தேவைப்படுகிறது என்பதும், அந்தச் செய்தி தசை உயிரணுக்களைச் சேதத்திலிருந்து காக்கிறது என்பதும் இதன்பின்பே தெளிவாயின. அதேபோல், கட்டிக்குள் புதிய இரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்க வளர்ச்சிக் காரணி ஒன்றை முடக்கும் மருந்துகள், உட்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடையும் குறைத்துவிடுவதால் பலருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. இத்தகைய பாதிப்புகளை முன்கூட்டியே கண்டு தடுப்பதற்காகவே, புற்றுநோயும் இதயமும் இணைந்த ஒரு தனி மருத்துவப் பிரிவு பெரிய மருத்துவமனைகளில் உருவாகியிருக்கிறது. ஆக, எந்தச் செய்தியை, எந்த உயிரணுவில், எவ்வளவு காலம் தடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் தடுப்பு மருந்து மருந்தாக இருக்கும்.

நோயாளி அறிய வேண்டியவை

இந்த அறிவியல் நோயாளியின் மாத்திரைப் பெட்டியோடு நேரடியாகத் தொடர்புடையது. பீட்டா தடுப்பானை நெடுநாள் உட்கொள்பவரின் இதயம், அடைபட்ட ஏற்பிகளை ஈடுகட்டப் புதிய ஏற்பிகளை உருவாக்கிக்கொள்கிறது. உடம்பு தேறிவிட்டது என்று எண்ணி மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், அத்தனை ஏற்பிகளும் அட்ரினலினுக்குத் திறந்துவிடப்பட்டு, நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும் என்று 1970களிலிருந்தே மருத்துவ உலகம் எச்சரித்து வருகிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையையும், ஆண்மைக் குறைவுக்கு விற்கப்படும் சில்டனாஃபிலையும் சேர்த்து உண்டால், ஒன்று சைக்ளிக் ஜிஎம்பியைப் பெருக்க, மற்றொன்று அது சிதையாமல் காக்க, இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். ஏசிஇ தடுப்பானோடும் ஆல்டோஸ்டிரோன் தடுப்பானோடும் பொட்டாசியம் உப்பைத் தாமாகச் சேர்த்துக்கொள்வதும் இதயத் துடிப்பைக் குலைக்கும்.

எனவே இதய நோய்க்கான மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிற நோய்களுக்காக உண்ணும் மருந்துகளையும், கூச்சத்தால் சொல்லாமல் மறைக்கும் மருந்துகளையும், நாட்டு மருந்துகளையும் உட்பட அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.